வாளிப் பந்தயம்

மாத்தேய் தோண்டிய குழி எதுவும் இதுவரை நிரம்பி வழிந்ததில்லை. அன்டிகோ நகரத்தைச் சுற்றியுள்ள சமவெளியில் எந்தப் பண்ணை வீட்டில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மாட்டுக் கொட்டகை கழுவின தண்ணீர், மூத்திரம், பால் பாத்திரம் அலம்பின தண்ணீர் எல்லாம் அந்தக் குழிக்குள் போகும். போனது போனதுதான். கிழக்கே களிமண் பக்கத்துக்காரர்கள் ஏப்ரல் மாதம் முழுக்க முழங்கால் சேற்றில் நின்று வாளி வாளியாக அள்ளிக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். சமவெளிக்காரர்களுக்கு அந்தப் பாடு கிடையாது.

இது அவருடைய கைத்திறமை இல்லை, மண்ணின் குணம். மேலே இரண்டரை அடிக்கு வண்டலும் மணலும் களியும் அளவாகக் கலந்த நல்ல மண். மண்வெட்டி சத்தமில்லாமல் இறங்கும். அப்புறம் சட்டென்று சத்தம் மாறும், கர்ர் என்று கூழாங்கல்லில் உரசும். அங்கிருந்து கீழே எத்தனை அடி போனாலும் யாரோ கழுவி வைத்த மாதிரி மணலும் சரளையும்தான். முன்னொரு காலத்தில் வடக்கே மலைமலையாக நின்ற பனி உருகி ஓடிய வெள்ளம் கொட்டிவிட்டுப் போன மணல் அது என்றும், மேல்மண்ணைக் காற்று பிறகு கொண்டுவந்து போர்த்தியது என்றும் கவுன்டி ஆபீஸ் ஆள் ஒருவர் சொன்னார். மாத்தேய்க்கு அந்தக் கதை தேவைப்படவில்லை. சத்தம் மாறுகிற இடம் தெரிந்தால் போதும். அதற்குக் கீழே இன்னும் நாலடி தோண்ட வேண்டும். முப்பது வருஷமாக அவருடைய தொழில் அவ்வளவுதான்.

குழி முடிந்ததற்கு அத்தாட்சி வாளிப் பந்தயம். வீட்டுக்காரர் கையில் ஒரு பெரிய கிளாஸ் பீரோடு குழிமேட்டில் நிற்பார். மாத்தேய் ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றுவார். அதே நொடியில் வீட்டுக்காரர் பீரைக் குடிக்கத் தொடங்க வேண்டும். அவர் கிளாஸைக் காலி செய்வதற்குள் தரை தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டால் குழி நல்ல குழி. தரை தோற்றால் மாத்தேய் மறுபடி இறங்கித் தோண்ட வேண்டும். தரை ஒரு தடவையும் தோற்றதில்லை.

மகள் ரூஷெனாவுக்குக் கல்யாணமானபோது சீராகக் கொடுக்க அவரிடம் வேறொன்றும் இல்லை. பெண்சாதி செத்துப் பத்து வருஷமாகியிருந்தது. மரம் வெட்டும் முகாமில் இளமை போயிற்று, மீதி குழியில் போயிற்று. அதனால் மருமகன் காசிமிரின் பண்ணையில், கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே, கழிவைச் சுமந்து போகும் தூரம் குறையட்டும் என்று, கிணற்றுக் குழாயிலிருந்து நாற்பது எட்டு நடக்கிற தூரத்தில் ஒரு குழி தோண்டிக் கொடுத்தார். கூட வேலை செய்த லாடா கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவன், வாய் மட்டும் நாலு குடும்பத்துக்கு ஆகும்.

"மாப்ளே, மெதுவாக் குடி. ஒன் தொண்டை ஊசித் துவாரம், இந்தப் பூமியோட தொண்டை ரயில் குகை" என்றான் அன்றைக்கு.

"பாக்கலாம் லாடாண்ணே, நான் போலந்துக்காரன்" என்று காசிமிர் கிளாஸைத் தூக்கினான். பாதி குடிப்பதற்குள் குழி காய்ந்துவிட்டது. சட்டையெல்லாம் பீர் வழிய அவன் நின்ற கோலத்தைப் பார்த்து ரூஷெனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. கொரியாவில் சண்டை நடந்துகொண்டிருந்த இந்த வருஷம், பிப்ரவரி மாதக் கடுங்குளிரில், அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. அனேஷ்கா என்று பெயர் வைத்தார்கள். மூன்றாவது வாரத்தில் ரூஷெனாவுக்குக் காய்ச்சல் கண்டு தாய்ப்பால் வற்றிவிட்டது. டின் பாலைத் தண்ணீரில் கலந்து, கொஞ்சம் சோளப்பாகு சேர்த்துப் புட்டியில் கொடுக்கச் சொன்னார் டாக்டர். தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வார்த்தையை மாத்தேய் பிடித்துக்கொண்டார். மர முகாமில் அவருடைய தம்பி டைபாய்டில் செத்தவன். பச்சைத் தண்ணீர்தான் கொன்றது என்று அப்போது சொன்னார்கள். அதனால் தன் குடிசையைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்கே வந்து, அடுப்படியை எடுத்துக்கொண்டார். கெட்டிலை நிரப்பி, அடுப்பில் பிர்ச் விறகைத் திணித்து, தண்ணீர் பாதியாக வற்றும்வரை கொதிக்க விடுவார்.

"போதும்ப்பா, கெட்டிலே உருகிடப் போவுது" என்பாள் ரூஷெனா.

"நீ சும்மா இரு. கொதிக்கக் கொதிக்கத்தான் சுத்தம். என் பேத்திக்கு அரைவேக்காட்டுத் தண்ணி நான் குடுக்க மாட்டேன்."

ஏப்ரலில் பனி உருகியது. கூரையிலும் வயலிலும் கொட்டகை முற்றத்திலும் ஐந்து மாதம் கிடந்த பனி அத்தனையும் ஒரே வாரத்தில் தண்ணீராகி மண்ணுக்குள் இறங்கியது. எங்கும் ஒரு குட்டை நிற்கவில்லை. மறுநாளே டிராக்டர் இறக்கினார்கள். களிமண்காரர்களை நினைத்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அந்த வாரத்தில்தான் அனேஷ்காவின் உதட்டைச் சுற்றி ஒரு நிறம் தெரிந்தது. முதலில் குளிர் என்று நினைத்தார்கள். அப்புறம் நகக்கண்ணிலும் தெரிந்தது, பழுத்த பிளம் தோலைப் போல. அழுவதும் குறைந்தது.

டாக்டர் மார்பில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு இருதயமாக இருக்கலாம் என்றார். நகரத்து ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்துக்கொண்டார்கள். ஐந்தாவது நாள் போய்ப் பார்த்தால் அனேஷ்கா ரோஜாப்பூ மாதிரி இருந்தாள். காலை உதைத்து, மாத்தேயின் மீசையைப் பிடித்து இழுத்தாள். லாடாகூட அன்றைக்குக் கேலி பேசவில்லை. "இழு கண்ணு, நல்லா இழு. அந்த மீசைக்கு வேற வேலை என்ன இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த நாலாம் நாள் மறுபடியும் நீலம்.

நகரத்தில் சிவப்பு, வீட்டில் நீலம். மாத்தேய் இதைப் பார்க்காமல் இல்லை. படுத்தால் எழுந்தால் இதே யோசனைதான். கொட்டகை நாற்றமாக இருக்குமோ என்று ஜன்னல் சந்துகளைத் துணி திணித்து அடைத்தார். தொட்டிலை அடுப்போரம் நகர்த்தினார். கடைசியாக, தண்ணீரில் இன்னும் ஏதோ அழுக்கு இருக்கிறது என்று முடிவுகட்டி, கெட்டில் பாதியாவதற்குப் பதில் மூன்றில் ஒரு பங்காகும்வரை கொதிக்க வைத்தார். ஆவியில் முகம் வெந்தது. அவர் நகரவில்லை.

மே மாதம் முதல் வாரம் கவுன்டி நர்ஸ் வந்தாள். நாற்பது வயசிருக்கும், தன் காரைத் தானே ஓட்டி வந்தவள். குழந்தையின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில இருந்தப்ப நல்லா இருந்துச்சாம்மா?"

"தங்கமாட்டம் இருந்தாளுங்க. இங்க வந்தாத்தான்..." ரூஷெனா குழந்தையின் உதட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க தண்ணி எதுலேர்ந்து எடுக்கறீங்க?"

மாத்தேய் நிமிர்ந்தார். "ஏம்மா, தண்ணிக்கு என்ன கொறை? முனையில சல்லடை வச்ச குழாய், முப்பதடி, நானே சம்மட்டியால அடிச்சு எறக்குனது. கண்ணாடி மாதிரி தண்ணி. குடிச்சுப் பாருங்க."

"நல்ல தண்ணியாத்தான் இருக்கும் பெரியவரே. பயிற்சிக்குப் போனப்ப ஒரு விஷயம் கேள்விப்பட்டேன், அதான்." ஒரு சீசாவில் பிடித்துக்கொண்டாள். "சோதனைக்கு அனுப்பறேன். காயிதம் வர்ற வரைக்கும் வேற கெணத்துத் தண்ணி கெடைச்சா குடுங்க."

காசிமிர் அன்றைக்கே பால் கேனில் பக்கத்துப் பண்ணை ஹெர்மன் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தான். தினமும் கொண்டுவந்தான். ஹெர்மன் வீட்டுக் குழியும் மாத்தேய் தோண்டியதுதான். அப்போது அது யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் தண்ணீரையும் மாத்தேய் மூன்றில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சினார்.

காகிதம் பத்தாம் நாள் வந்தது. உருளைக்கிழங்கு நடவு நாள், காலை பத்து மணி. காசிமிர் வயலில் இருந்தான். மாத்தேய் சாலையோரத் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தபோது ரூஷெனா சமையலறையில் அனேஷ்காவை மடியில் போட்டுப் புட்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை இரண்டு தடவை உறிஞ்சும், மூச்சு வாங்கும், மறுபடி உறிஞ்சும். முகம் சிலேட் நிறமாக இருந்தது.

"படிப்பா" என்றாள். "என் கை ரெண்டும் அடைஞ்சு கெடக்கு."

மாத்தேய் எழுத்துப் படித்தது நாற்பத்தைந்து வயசில். பள்ளிக்கூடத்துச் சிறுமியாக இருந்த ரூஷெனாதான் தன் பழைய புத்தகத்தை வைத்து அவருக்கு அட்சரம் சொல்லிக்கொடுத்தாள். அன்றிலிருந்து வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவர்தான் படிப்பார், அவள் பொறுமையாகக் கேட்பாள். விரலை எழுத்துக்குக் கீழே வைத்து நகர்த்திப் படிப்பார். அவர் படிக்கிற விதத்தில் வாய் முன்னால் போகும், அர்த்தம் ஒரு அடி பின்னால் வரும்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"உங்கள்... கிணற்றுத் தண்ணீரில்... நைட்... நைட்ரேட் என்னும் பொருள்... இருக்கலாம் என்ற அளவைப்போல்... எட்டு மடங்கு உள்ளது."

"அப்படின்னா என்ன?"

"இரு, கீழ போட்டிருப்பான்." விரல் நகர்ந்தது. "இது... மாட்டுச் சாணம், மூத்திரம்... உரம் இவற்றிலிருந்து வருவது. மேல்மண் மெல்லியதாக... அடியில் மணலும் சரளையுமாக உள்ள நிலங்களில்... கழிவுக் குழிகள் மணல்வரை தோண்டப்பட்டிருந்தால்... கழிவு வடிகட்டப்படாமல்... நேரே... கிணற்று நீரில் கலக்கிறது."

அர்த்தம் அந்த ஒரு அடி தூரத்தைக் கடந்து வந்து சேர்ந்தது. மண்வெட்டியின் கர்ர் என்ற சத்தம் காதுக்குள் கேட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் பழக்கப்படி அடுத்த வரிக்குப் போய்விட்டது.

"கைக்குழந்தைகளுக்கு... இது ரத்தத்தில் மூச்சைத் தங்க விடாது... உடல் நீலமாகும். இந்தத் தண்ணீரை... கொடுக்கவே கூடாது. கொதிக்க வைப்பதால்... இது போகாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றி... இது... அதிகமாகும்."

ரூஷெனா குழந்தையின் வாயிலிருந்து புட்டியை உருவினாள். 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். அடுப்பில் அடுத்த வேளைக்கான கெட்டில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் எழுந்து ஓடினாள், வயலைப் பார்த்துக் காசிமிரைக் கூப்பிட்டுக்கொண்டே.

லாரியில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். முந்தின நாள் அடைமழை பெய்திருந்தது, ஆனாலும் சாலையின் இரண்டு பக்கமும் வயல் காய்ந்து பொலபொலவென்று கிடந்தது. ஒவ்வொரு பண்ணையிலும் நடவு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கொட்டகைக்குப் பின்னாலும் எந்த இடத்தில் தன் குழி இருக்கிறதென்று மாத்தேய்க்குத் தெரியும். எண்ண வேண்டாம் என்று கண்ணை மூடினார். மூடியும் தெரிந்தது.

நகரத்துத் தண்ணீர்த் தொட்டி, உயரமான இரும்புக் கால்களோடு, தூரத்தில் தெரிந்தபோது ரூஷெனா, "காசிமிர், வண்டிய நிறுத்து" என்றாள்.

"இந்தா வந்துட்டோம்டி, இன்னும் ரெண்டே மைல்."

"நிறுத்துன்னு சொல்றேன்ல."

அவன் நிறுத்தினான். எஞ்சின் அணைந்ததும் வண்டிக்குள் நாலு பேருடைய மூச்சு கேட்டிருக்க வேண்டும். மூன்றுதான் கேட்டது.

சமவெளியில் யார் செத்தாலும் சவக்குழி தோண்டுவதும் மாத்தேயும் லாடாவும்தான். சொந்த ரத்தத்துக்குத் தோண்டக்கூடாது என்பது வழக்கம். அதனால் லாடா தனியாக இறங்கினான். மாத்தேய் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டில் நின்றார். சின்னக் குழிதான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டரை அடியில் சத்தம் மாறப்போகிற நேரத்தில், "லாடா, போதும்" என்றார்.

"என்னப்பா போதும்? மூணரை அடி இல்லாட்டி பாதிரியார் சண்டைக்கு வருவாரு. நரி தோண்டிரும்."

"மணலுக்குப் போகாத. மேல்மண்ணுலயே வையி. அதுக்குக் கீழ போச்சுன்னா நிக்காதுடா, எதுவும் நிக்காது."

லாடா மண்வெட்டியில் சாய்ந்து அவரையே பார்த்தான். குழியின் அடியைக் கையாலேயே தட்டிச் சமன் செய்தான். பாதிரியார் கேட்டபோது, "மூணரை அடி, சாமி. ஒரு விரக்கடை கூடவே இருக்கும்" என்று பொய் சொன்னான். நரிக்குப் பயந்து மேலே பெரிய கல்லாகப் பொறுக்கி அடுக்கினான்.

மறுவாரத்திலிருந்து மாத்தேய் ஒவ்வொரு பண்ணையாக நடந்தார். காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வீட்டுக்காரர்கள் காபியும் கசகசா வைத்த கோலாச்சி ரொட்டியும் கொடுத்து உட்கார வைத்தார்கள். அவர் விரல் வைத்துப் படித்துக் காட்டியதை, துக்கம் நடந்த வீட்டுக்காரர் என்பதால் கடைசிவரை கேட்டார்கள். அப்புறம் ஜன்னல் வழியே தங்கள் கிணற்றைப் பார்த்தார்கள்.

"மாத்தேய், என் நாலு பிள்ளைங்களும் இந்தத் தண்ணிதான் குடிச்சு வளர்ந்தானுங்க" என்றார் ஹெர்மன். "ஒவ்வொருத்தனும் எருமை மாதிரி இருக்கான். ஒங்க பேத்திக்கு நெஞ்சுக் கோளாறு. டாக்டரே சொன்னாருல்ல? நீ மனசைப் போட்டுக் கொழப்பிக்காத."

"அவனுங்க தாய்ப்பால் குடிச்சவனுங்க ஹெர்மன்."

"சரி, குழிய மூடிட்டா கொட்டகைத் தண்ணிய எங்க விடறது? என் தலையிலயா?"

மாத்தேய் காகிதத்தை மறுபடி விரித்துப் பார்த்தார். அதில் அதற்கு ஒரு வரியும் இல்லை. ஹெர்மனின் மூத்த மருமகளுக்கு அப்போது ஏழாவது மாதம். அவள்தான் காபி ஊற்றினாள்.

மிச்சமிருந்தது மருமகன் பண்ணையில் தோண்டிக் கொடுத்த குழி. அதை மூட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வயல் ஓரத்து மேல்மண்ணைத் தள்ளுவண்டியில் அள்ளிவந்து கொட்டினார். மூன்று நாள். ஒவ்வொரு அரை அடிக்கும் இறங்கி, பூட்ஸ் காலால் மிதித்து, கட்டையால் இடித்தார். காசிமிர் ஒருமுறை வந்து நின்று பார்த்துவிட்டு, "மாமா, இனிமே மூடி என்ன பிரயோஜனம்" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அவனும் ஒரு மண்வெட்டியை எடுத்து வந்தான். ரூஷெனா இந்த மூன்று நாளும் வெளியே வரவில்லை. அப்பாவுக்குச் சாப்பாடு மட்டும் வேளாவேளைக்கு மேஜையில் இருக்கும். சூடாக இருக்கும். அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. சோறு போடாமல் விரட்டியிருந்தால் ஒரு மூலையில் போய் விழுந்திருப்பார்.

மூன்றாம் நாள் சாயங்காலம், வெளிச்சம் இன்னும் இருந்தது. மண் தரைமட்டத்துக்கு ஒரு சாண் கீழே வரை வந்துவிட்டது. களிமண் இல்லைதான், ஆனாலும் நல்ல கெட்டியான மண். இடித்த இடிக்குத் தள்ளுவண்டிச் சக்கரம் பதியவில்லை. மாத்தேய் குழாயடிக்குப் போய் ஒரு வாளித் தண்ணீர் அடித்து வந்து அதன்மேல் ஊற்றினார்.

தண்ணீர் நின்றது.

எண்ணத் தொடங்கினார். பழைய கணக்கில் இருபது எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஐம்பது எண்ணினார், நின்றது. நூறு. வானம் அதில் தெரிந்தது. கொட்டகையின் கூரை முனை தெரிந்தது. குனிந்து பார்த்த அவருடைய மீசையும் தெரிந்தது. அந்தச் சமவெளியில் அவர் தோண்டின இடத்தில் தண்ணீர் நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. இருநூறு எண்ணியபோது வாய் உலர்ந்துவிட்டது. மண்டியிட்டு உட்கார்ந்தார். தோற்றுப் போ, தோற்றுப் போ என்று தரையிடம் கெஞ்சுகிற மாதிரி இருந்தது அவர் உட்கார்ந்திருந்த விதம்.

முந்நூற்று நாற்பதில் ஓரம் சுருங்கியது. ஈர வளையம் ஒன்று வெளியே தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. மீசை மறைந்தது, கூரை மறைந்தது, கடைசியில் உள்ளங்கையளவு வானம் மட்டும் நடுவில் கிடந்தது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ரூஷெனா வந்து நின்றாள். ஈரக் கையை இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். பதினாறு நாளாக அவரோடு பேசாதவள்.

"குடிச்சிருச்சாப்பா?" என்றாள்.

அவர் ஈர மண்ணில் கையை வைத்துப் பார்த்தார்.

"குடிச்சிருச்சும்மா."